யான் ஏகலாமோ?

குன்றுதோறாடல் கலை அறிவியல் கல்லூரியில் சிரிப்பதற்குத் தடை எதுவும் கிடையாது. அழுவதற்கு மட்டும் துறைத்தலைவரின் முன் அனுமதி வேண்டும். இதைக் கொடுமை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அழுகை அங்கே பாடத்திட்டத்தில் இருக்கிறது. பாடத்தில் இருப்பதை ஆளாளுக்கு நேரங்கெட்ட நேரத்தில் செய்து தீர்த்துவிட்டால், தரமதிப்பீட்டுக் குழு வரும்போது எதை எடுத்துக் காட்டுவது? நீங்களே சொல்லுங்கள்.

குழு வருகிற அந்தக் காலையில்தான் துரைக்கண்ணு கல்லூரி வாசலில் வந்து நின்றார். மணவூருக்குப் பக்கத்தில் கரும்பு வெட்டுகிற, வரப்பு கழிக்கிற கூலி ஆள். துவைத்த வேட்டி, துவைத்த சட்டை, மழுங்கச் சிரைத்த தலை.

வாட்ச்மேன் பெருமாள் அந்தத் தலையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தான். "இன்னா பெரியவரே, மலைக்குப் போய்ட்டு வர்றியா? வேண்டுதலு நெறவேறிடிச்சா?"

திருத்தணியில் மொட்டைத் தலையைப் பார்த்தால் வேறு கேள்வி யாருக்கும் வாயில் வராது. மலைப் படியில் இறங்கி வருகிற தலைகளில் பாதி மொட்டைதான். இந்தத் தலையில் சந்தனம் இல்லை என்பதைப் பெருமாள் கவனிக்கவில்லை. கல்யாணம் ஆகாத பெண்ணுக்காக அப்பன் மொட்டை போடுகிற வழக்கம் எங்கே இருக்கிறது என்று ஊரில் பெரியவர்கள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள். துரைக்கண்ணு கேட்கவில்லை. போய் நாவிதர் முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

"எம் பொண்ணு கொரலு உள்ள கீதாம்ப்பா. கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

"பொண்ணு இங்கதான் படிக்குதா? அதுக்கு ரயிலேறி வரணுமா? போன் போட்டுப் பேசறதுதானே!" என்றான் பெருமாள், கேட்டைத் திறந்துகொண்டே.

போன் போட்டால் எடுக்க அனுராதா இல்லை. ஆடி மாதம் முடிந்த பிறகு வந்த காய்ச்சலில் போய்விட்டாள். ஒரே பெண். தமிழ் இலக்கியம் படித்தாள். அவளுடைய போனில் அவள் பேசியது, பாடியது, அம்மாவைக் கேலி செய்தது எல்லாம் இருந்தது. ஆனால் போன் பூட்டிக் கிடந்தது. அரக்கோணத்தில் ஒரு கடையில் கொண்டுபோய்க் கொடுத்தார் துரைக்கண்ணு. கடைக்காரப் பையன் கெட்டிக்காரன், சீக்கிரமே திறந்துவிட்டான். திறந்ததில் உள்ளே இருந்ததெல்லாம் அழிந்துபோயிற்று. புதுப்போன் மாதிரி ஆக்கிக் கொடுத்திருக்கிறேன் அங்கிள் என்றான், சந்தோஷமாக.

காரியத்துக்கு வந்திருந்த யுவஸ்ரீதான் அந்தச் செய்தியைச் சொன்னாள். அனுவோடு கூடப் படிக்கிற பெண். "அப்பா, அனு நடிச்சத காலேஜ்ல வீடியோ புடிச்சி வச்சிகிறாங்கப்பா. கடைசி நாளு. அவ கொரலு அதுல கீது." அந்தப் பேச்சு காதில் விழுந்ததிலிருந்து துரைக்கண்ணுவுக்குச் சோறு இறங்கவில்லை. மகளின் குரலை ஒருதரம் கேட்டுவிட வேண்டும். அவருக்கு வேண்டியது இவ்வளவுதான்.

அனு நடித்தது ஒரு கிரேக்க நாடகத்தில். உலக இலக்கியம் என்று ஒரு தாள் உண்டு. அதில் பழைய காலத்துக் கிரேக்கத் துன்பியல் நாடகம் ஒன்று தமிழ் மொழிபெயர்ப்பில் பாடமாக இருந்தது. மொழிபெயர்த்தவர் கல்லூரி முதல்வர் முனைவர் அசோக்குமாரேதான். கிரேக்க மூலத்தை அவர் கண்ணால் பார்த்ததில்லை. ஆங்கில நோட்ஸ் ஒன்றைப் பார்த்துத்தான் எழுதினார். ஆனால் மூலத்தோடு பல காலம் மல்லுக்கட்டியதாக முன்னுரையில் சொல்லியிருந்தார். கதை என்னவென்றால், ஒரு ராஜாவின் ஊரில் ஊற்றெல்லாம் வற்றிப்போகிறது. மகளை மலைமேல் அனுப்பு, தண்ணீர் வரும் என்கிறது தெய்வம். போனால் திரும்பமாட்டாள் என்று ராஜாவுக்குத் தெரியும். மகள் வாசலில் நின்று, போகட்டுமா அப்பா என்று கேட்கிறாள். திரும்பத் திரும்பக் கேட்கிறாள். ராஜா வாய் திறப்பதில்லை. அவள் போய்விடுகிறாள்.

போகட்டுமா அப்பா என்று எழுதியிருந்தால் அது எல்லாருக்கும் புரிந்து தொலைத்திருக்கும். முதல்வர் அப்படி எழுதுவாரா? "எந்தையே, யான் ஏகலாமோ?" என்று எழுதியிருந்தார்.

அந்த நாடகம் வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து ஒரே கூத்துதான். துன்பியலைப் பார்த்து அழுது மனம் தூய்மையாவதற்குப் பாடத்தில் கத்தார்சிஸ் என்று பெயர். "இதுல கத்தார்சிஸ் வந்தாத்தான் நைனா மார்க்கு" என்று ஒருநாள் அப்பாவிடம் சொன்னாள் அனு. துரைக்கண்ணுவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கத்தாருக்கா? பொட்டப்புள்ளய அவ்ளோ தூரமெல்லாம் அனுப்ப முடியாது. டீச்சராண்ட சொல்லிடு" என்றார். அனு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஓடிப்போய் அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்து மறுபடி சிரித்தாள். அதன்பிறகு தினமும் காலையில் ரயிலுக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, நெஞ்சில் கை வைத்து, "நைனா, யான் ஏகலாமோ?" என்பாள். அது ஏதோ கிரேக்க பாஷை என்றுதான் துரைக்கண்ணு நினைத்தார். படிக்கிற பிள்ளை ஆசையாகச் சொல்கிறது, நாமும் பதிலுக்குச் சொல்லி வைப்போம் என்று, "ஆங், ஏகு ஏகு" என்பார். அவள் சிரித்துக்கொண்டே ஓடுவாள்.

கடைசி நாள் காலையிலும் கேட்டாள். அன்றைக்கு உடம்பு கொதித்தது. வராவிட்டால் ஹால் டிக்கெட் கிடையாது, குழுவுக்குக் காட்டுவதற்காக வீடியோ பிடிக்கிற நாள் என்று துறையில் சொல்லியிருந்தார்கள். வாசலில் நின்றாள். நெஞ்சில் கை வைக்கவில்லை. நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள். "நைனா, யான் ஏகலாமோ?"

"ஆங், ஏகு கண்ணு" என்றார் இவர்.

பெருமாள் கைகாட்டிய அறையில், குழு வருகிற நாள் என்று முதல்வர் பட்டு அங்கவஸ்திரம் போட்டிருந்தார். அனுராதா என்ற பெயரைக் கேட்டதும் முகத்தைச் சுளித்தார்.

"அந்தப் பொண்ணா? அது மேல நடவடிக்கை இருக்கே. சொல்லாம கொள்ளாம நின்னுட்டா. பெற்றோரை அழைச்சிட்டு வரச் சொல்லி ஓலை அனுப்பினோமே, வரலையா?"

"பாப்பா இல்லீங்க சார். காய்ச்சல்ல போயிடிச்சி. காரியம்கூட முடிஞ்சிபோச்சிங்க."

முதல்வருக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது. எழுந்து நின்று, கண்ணை மூடித் திறந்து, உட்கார்ந்தார். பிறகு கம்ப்யூட்டரைப் பார்த்தார். "இதுலதான் சிக்கல். மாணவி விலகினதுக்குக் காரணம் கேக்குது. திருமணம், வேலைவாய்ப்பு, வேறு கல்லூரி. இவ்வளவுதான் இருக்கு. நீங்க சொல்றது இதுல இல்லையே." கொஞ்சம் யோசித்தார். "திருமணம்னு போட்டுடறேன். யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க."

ஒரு விரலால் தட்டினார். மஞ்சள் துணி சுற்றி மண்ணுக்குள் வைத்த பெண்ணுக்கு அந்தக் காலையில் கம்ப்யூட்டரில் கல்யாணம் ஆயிற்று. துரைக்கண்ணு கைகளைக் கட்டிக்கொண்டு நின்றுகொண்டிருந்தார்.

"சார், அந்த வீடியோ..."

"அது கல்லூரியோட அறிவுச் சொத்துங்க. கண்டவங்களுக்கெல்லாம் காட்ட முடியாது. மாணவி நேர்ல வந்து விண்ணப்பிச்சா பரிசீலிப்போம்."

"அது நேர்ல வர்றதுன்னா நான் இன்னாத்துக்கு சார் வரப்போறேன்?" கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே புரியாமல் கேட்டார்.

"புரியுதுங்க. ஆனா விதி இருக்கே. இரக்கப்பட்டு விதியை மீறினா நாளைக்கு எல்லா மாணவிகளும் இதே காரணத்தைச் சொல்லிக்கிட்டு வந்துடுவாங்க" என்றார் முதல்வர்.

துரைக்கண்ணு அதையும் யோசித்துப் பார்த்தார். எல்லாப் பெண்களும் இதே காரணத்தைச் சொல்லிக்கொண்டு வருவதா? ஐயோ, வேண்டாம் முருகா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

அப்போதுதான் தமிழ்த்துறைத் தலைவர் முனைவர் புஷ்பலதா வியர்த்துப்போய் உள்ளே வந்தார். "சார், பெற்றோர் வரிசை காலியா இருக்கு. வேர்க்கடலை புடுங்கற நேரம்னு ஒருத்தரும் வரல. குழு வந்து பாத்தா மானம் போயிடும்." சொல்லிக்கொண்டே துரைக்கண்ணுவைப் பார்த்தார். முதல்வரும் பார்த்தார். இப்படியாக, விதியை மீறாமலேயே ஒரு வழி பிறந்தது. பெற்றோர் வரிசையில் உட்கார்ந்தால் குழுவோடு சேர்ந்து அவரும் வீடியோவைப் பார்க்கலாம்.

அரங்கத்தில் பெற்றோர் வரிசையில் இருந்த சொற்பப் பேருக்குக் கைக்குட்டை கொடுத்தார்கள். நீல நிறம், மூலையில் கல்லூரி முத்திரை. நிகழ்ச்சி முடிந்ததும் மடித்துத் திருப்பித் தர வேண்டும், மூக்கைச் சிந்தக் கூடாது, கண்ணை மட்டும் ஒற்றலாம் என்று ஒரு பெண் சொல்லிக்கொண்டே போனாள். மேடைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பதாகை. "கற்றல் அடைவு மூன்று: மாணவியரும் பெற்றோரும் இரக்கமும் அச்சமும் எய்தி, பின் அவற்றினின்று தூய்மை பெறுவர்."

எய்தினார்களா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்குத்தான் முன்துயர அளவீடு, பின்துயர அளவீடு என்று இரண்டு வைத்திருந்தார்கள். யுவஸ்ரீ ஒவ்வொருவரிடமும் வந்து குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். துரைக்கண்ணுவைப் பார்த்ததும் அவளுக்கு உதடு துடித்தது. கேட்டுத்தானே ஆக வேண்டும், அவளுக்கும் ஹால் டிக்கெட் வேண்டுமே.

"அப்பா, இப்போ உங்களுக்கு எவ்ளோ துக்கமா இருக்குன்னு சொல்லணுமாம்ப்பா. ஒண்ணுலேர்ந்து அஞ்சு வரைக்கும்."

"அஞ்சுக்கு மேல இல்லியாம்மா?"

பின்னால் நின்றிருந்த புஷ்பலதா பதறிப்போய் முன்னால் வந்தார். "ஐயா, ஆரம்பத்துலயே அஞ்சு போட்டுட்டா நாடகம் பாத்ததுனால வந்த வளர்ச்சியை எப்படிக் காட்டுறது? ரெண்டு போட்டுக்கங்க. பாத்து முடிச்சப்பறம் அஞ்சுக்குப் போலாம், நானே சொல்றேன்."

"சரிங்கம்மா" என்றார் துரைக்கண்ணு. மகளின் குரலைக் கேட்பதற்காக அன்றைக்கு அவர் துக்கத்தில் பாதிக்கு மேல் குறைத்துக்கொண்டார்.

குழு இளநீர் குடித்துக்கொண்டிருந்தது. அந்த இடைவெளியில் பெற்றோருக்குத் துன்பியல் என்றால் என்னவென்று புஷ்பலதா பாடம் எடுத்தார். குழு கேட்டால் பெற்றோர் பதில் சொல்ல வேண்டும் அல்லவா. நல்ல ஆசிரியர் அவர். மனப்பாடம் கொஞ்சமும் பிசகாது.

"துன்பியல் நாயகன் உயர்ந்த நிலையில் இருப்பான். அங்கேருந்து விழுவான். அந்த வீழ்ச்சியைப் பாத்து நமக்கு இரக்கம் வரும், அச்சம் வரும்."

துரைக்கண்ணு கை தூக்கினார். "எங்க வூட்ல நடந்ததுங்கம்மா? அதுவும் இதுல சேர்த்தியா?"

புஷ்பலதா அன்பாகத் தலையசைத்தார். "அது சோகம்ங்க. துன்பியல் ஆகாது. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிட்டா மார்க் போயிடும். துன்பியல்னா ராஜா, சேனாதிபதி மாதிரி உயரத்துல இருந்து விழணும். நீங்க என்ன உயரத்துல இருந்தீங்க?"

துரைக்கண்ணு யோசித்தார். "தென்னமரம் ஏறுவேங்க."

"அந்த உயரம் இல்லைங்க" என்று சிரித்தார் புஷ்பலதா. மாணவிகளும் சிரித்தார்கள். சிரிப்பதற்குத்தான் தடை இல்லையே. "அடுத்தது, நாயகன் ஒரு பிழை செய்வான். கெட்ட எண்ணத்துல இல்ல. தெரியாம. நல்லதுன்னு நெனைச்சுச் செய்வான். அது என்னன்னு பின்னாடிதான் அவனுக்கே விளங்கும். அப்போ எல்லாம் முடிஞ்சுபோயிருக்கும். குறிச்சுக்கங்க, இது கட்டாயம் வரும்."

பிறகு வீடியோவைப் பற்றி எடுத்துச் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் பெருமை வழிந்தது. "அனுராதா நடிச்சதைப் பாக்கப் போறீங்க. என்ன நடிப்புங்கறீங்க! அன்னைக்குக் கண்ணெல்லாம் செவந்துபோய், கை நடுங்கி, நிக்க முடியாம தூணைப் புடிச்சுக்கிட்டு... அப்படியே தத்ரூபம். நான் சொல்லிக்கொடுத்ததைவிட மேல பண்ணா. சோர்வு பத்தலைன்னு இன்னொரு தரம் எடுக்கச் சொன்னேன், மறுபேச்சு இல்லாம பண்ணா. ஒரே ஒரு குறை. எந்தையேன்னு வர்ற இடத்துலெல்லாம் வாய் தவறி ஏதோ கொச்சையா சொல்லிட்டா. கிரேக்க இளவரசி அப்படிப் பேசுவாளா? பரவாயில்ல. அந்தச் சொல்லு வர்ற இடத்துல மட்டும் ஒலியை வெட்டி எடுத்துட்டோம். குழுவுக்குத் தெரியாது."

துரைக்கண்ணுவுக்கு அதிலிருந்த பாதி காதில் ஏறவில்லை. நிற்க முடியாமல் தூணைப் பிடித்துக்கொண்டாள் என்பதிலேயே நின்றுவிட்டார். பிறகு, எப்படியும் பாடத்தைக் கவனிக்க வேண்டுமே என்று இன்னொரு தரம் கை தூக்கினார்.

"அம்மா, பாப்பா வூட்ல சொல்லிகினு இருக்கும். ஏகலாமோ, ஏகலாமோன்னு. அது கிரேக்க பாஷையில இன்னாங்கம்மா?"

"கிரேக்கமா? ஐயோ, சுத்தத் தமிழ்ங்க அது! முதல்வர் ஐயா போட்ட அருமையான சொல். ஏகுதல்னா போறது. யான் ஏகலாமோன்னா, நான் போகட்டுமான்னு கேக்கறா."

"போகட்டுமான்னா?"

"ஆமாங்க. போகட்டுமா, வேண்டாமான்னு அப்பாகிட்ட கேக்கறா."

துரைக்கண்ணு கையை இறக்கவில்லை. தூக்கின கை அப்படியே நின்றது. வாசல், நிலைக்கதவு, கொதிக்கிற கை, நைனா யான் ஏகலாமோ. ஆங், ஏகு கண்ணு. ஐயோ, அது விளையாட்டுக்குக் கேட்கவில்லையே. நிஜமாகவே கேட்டிருக்கிறதே குழந்தை! தமிழில் கேட்டிருக்கிறது. தமிழில் இவர் போ என்று சொல்லியிருக்கிறார். வேண்டாம் என்ற ஒரு சொல்லுக்காக நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றவளை, பாஷை தெரியாமல் அனுப்பிவைத்துவிட்டார்.

"கை இறக்குங்க ஐயா, குழு வருது" என்றார் புஷ்பலதா.

குழு வந்தது. தலைவர் வயதானவர், தூரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். வரவேற்பு, குத்துவிளக்கு, பொன்னாடை, முதல்வர் உரை. "கிரேக்கர்கள் கண்ணீரைக் கண்டுபிடித்தார்கள். நம் கல்லூரி அதை அளக்கும் வழியைக் கண்டுபிடித்தது!" என்றார் முதல்வர். கை தட்டினார்கள். "சென்ற பருவத்தில் எங்கள் மாணவிகளின் இரக்கம் மிகவும் பின்தங்கியிருந்தது. இந்தப் பருவத்தில் கணிசமாக உயர்ந்திருக்கிறது. உயிரைக் கொடுத்து உழைத்திருக்கிறார்கள்!" அதற்கும் கை தட்டினார்கள்.

விளக்குகளை அணைத்தார்கள். திரையில் அனு வந்தாள்.

துரைக்கண்ணு இருக்கையின் விளிம்புக்கு நகர்ந்தார். வெள்ளைச் சேலையைக் கிரேக்கப் பாங்கில் சுற்றிவிட்டிருந்தார்கள். தலையில் காகிதக் கிரீடம். கண்கள் சிவந்து, உதடு வெடித்து, நெற்றியில் முடி ஒட்டிக்கொண்டு, தூணைப் பிடித்தபடி நின்றாள். பேச ஆரம்பித்தாள். ஊற்று வற்றியது, ஊர் தவிப்பது எல்லாம் சொன்னாள். அந்தக் குரல்தான்! தண்ணி மோந்து கொடு என்கிற குரல், ரயிலுக்கு நேரமாச்சு என்கிற குரல். துரைக்கண்ணுவின் உடம்பெல்லாம் காதாக ஆயிற்று. நாடகத்தில் ராஜாவாக நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண், ஒட்டுத்தாடியோடு, வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அனு ராஜாவைப் பார்த்துத் திரும்பினாள். வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை.

அசைந்த வாயைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. பிறந்து பேச ஆரம்பித்ததிலிருந்து பார்த்த வாய். முதலில் உதடு இரண்டு பக்கமும் விரியும், அப்புறம் வாய் அகலத் திறக்கும். வேறு எந்தச் சொல்லுக்கும் அந்த வாய் அப்படித் திறந்ததில்லை. கொச்சை என்று வெட்டியது அவரைத்தான்.

"...யான் ஏகலாமோ?" என்றாள் அனு.

ராஜா பேசவில்லை. பெற்றோர் வரிசையிலிருந்து துரைக்கண்ணு எழுந்து நின்றார்.

"வேணாம் கண்ணு."

புஷ்பலதா திரும்பிப் பார்த்து உட்காரும்படி சைகை செய்தார். திரையில் அனுவின் வாய் மறுபடியும் சத்தமில்லாமல் விரிந்து திறந்தது. "...யான் ஏகலாமோ?"

"ஏகாத கண்ணு. ஒடம்பு கொதிக்குது பாரு. பரிச்சை எழுதலன்னா போவுது, இன்னிக்கு வூட்லயே படுத்துக்கோ. நைனா சொல்றன் இல்ல, ஏகாத!"

சத்தமாகத்தான் சொன்னார். முகமெல்லாம் நனைந்திருந்தது, நீலக் கைக்குட்டை கையிலேயே கசங்கிக் கிடந்தது. அனு கொஞ்ச நேரம் ராஜாவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் திரும்பி, தூண் தூணாகப் பிடித்துக்கொண்டு நடந்து, திரையைவிட்டு வெளியே போய்விட்டாள்.

விளக்கு எரிந்தது. முதல்வருக்கு முகம் வெளுத்துப் போயிருந்தது. குழுத் தலைவர் எழுந்தார். பிறகு மெல்லக் கை தட்டினார்.

"அற்புதம்! பார்வையாளர்கள் நடுவிலிருந்து ஒரு பெற்றோரை எழுப்பிப் பேச வைத்திருக்கிறீர்களே, இந்த உத்தியை நான் எங்கும் பார்த்ததில்லை. என் பணிக்காலத்தில் எத்தனையோ துயரங்களை மதிப்பிட்டிருக்கிறேன். எதுவும் என்னைத் தொட்டதில்லை, மனம் இளகுவது என் பதவிக்குத் தகுதியுமில்லை. ஆனால் இதற்கு முழு மதிப்பெண் தரத் தயங்க மாட்டேன். அந்தப் பெண் எங்கே? கூப்பிடுங்கள், பாராட்ட வேண்டும்."

யுவஸ்ரீ வாயில் கையை வைத்து அடைத்துக்கொண்டாள்.

"அவருக்குத் திருமணம் ஆகிவிட்டது ஐயா" என்றார் முதல்வர்.

"மகிழ்ச்சி, மகிழ்ச்சி. என் ஆசிகளைச் சொல்லுங்கள்."

எல்லாம் நல்லபடியாக முடிந்ததில் புஷ்பலதாவுக்கு மட்டும் ஒரு சின்ன மனக்குறை. துரைக்கண்ணுவைத் தனியே கூப்பிட்டார். "நல்லாத்தான் இருந்துச்சு ஐயா. ஆனா அந்த எடத்துல ராஜா பேசமாட்டாரு. மூலத்துல மௌனம்தான். நீங்க சொன்ன பதில் பாடத்துலயே இல்ல. அடுத்த தடவை குழு வரும்போது நீங்க கட்டாயம் வரணும், ஆனா அழுதா மட்டும் போதும்."

"அம்மா, ஒண்ணு கேக்கட்டுங்களா? அந்த வெட்டி எடுத்த வார்த்தைய எங்க போட்டீங்க?"

"எந்த வார்த்தை?"

"கொச்சையா கீதுன்னு எடுத்தீங்களே. அத்த எங்க வச்சிகிறீங்க?"

"அழிச்சாச்சுங்க அது."

"குப்பையில போட்டிருந்தாலும் சொல்லுங்கம்மா. நான் பொறுக்கிகினு போறேன். உங்களுக்கு அது ஆவாது. எனக்கு வேணும்."

புஷ்பலதாவுக்கு அது பாடத்தில் இல்லாத கேள்வி. "அது பொருள் இல்லைங்க, ஒலி. ஒலி போனா போனதுதான்" என்றார். பிறகு, "கைக்குட்டையைக் குடுத்துட்டுப் போங்க" என்றார்.

வாசலில் பெருமாள் வழிமறித்தான். "இன்னா பெரியவரே, கேட்டியா கொரல? இன்னா சொல்லிச்சி பொண்ணு?"

"போவட்டுமான்னு கேட்டிச்சிப்பா" என்றார் துரைக்கண்ணு. ரயிலைப் பிடிக்கப் போய்விட்டார்.

கல்லூரிக்கு உயர்ந்த தரம் கிடைத்தது. மாணவி நேரில் வந்து விண்ணப்பித்தால் பரிசீலிக்கப்பட வேண்டிய அந்த அறிவுச் சொத்தை, மறுவாரமே விளம்பரத்துக்காக ஊர் உலகமெல்லாம் பார்க்கும்படி கல்லூரியின் இணையப் பக்கத்தில் ஏற்றிவிட்டார்கள். யுவஸ்ரீ அதை எடுத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் மணவூருக்கு வந்தாள். அனுவின் போனிலேயே போட்டுக் கொடுத்தாள். துடைத்து வைத்த அந்தப் போனில் இப்போது அது ஒன்றுதான் இருந்தது.

துரைக்கண்ணுவும் அவர் மனைவி மணியம்மையும் வாசற்படியில் போனை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். மகள் முகம் வந்ததும் மணியம்மை முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். ஊற்று வற்றியது, ஊர் தவித்தது. அனு திரும்பினாள். வாய் விரிந்து திறந்தது. சத்தம் வரவில்லை.

"இன்னா மாமா இது, இந்த எடத்துல மட்டும் கொரலு வரல? போனு கெட்டுப்போச்சா?"

"வெட்டிட்டாங்க மணி. அந்த வார்த்தை ஆவாதாம்."

மணியம்மை போனை எடுத்துப் பார்த்தாள். கண்ணுக்கு நெருக்கமாக வைத்து அந்த வாயைப் பார்த்தாள். "முதல்லேர்ந்து போடும்மா" என்று யுவஸ்ரீயிடம் கொடுத்தாள். யுவஸ்ரீ போட்டாள். மறுபடி ஊற்று வற்றியது. அனு திரும்பினாள், வாய் விரிந்தது.

"நைனா" என்றாள் மணியம்மை. மகள் இழுக்கிற மாதிரியே இழுத்து, மகள் முடிக்கிற இடத்திலேயே முடித்தாள்.

"யான் ஏகலாமோ?" என்றாள் அனு.

"ஏகாத கண்ணு" என்றார் துரைக்கண்ணு.

"நைனா..."

"யான் ஏகலாமோ?"

"வேணாம் கண்ணு. வேணாம்."

அனு கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மொழிபெயர்ப்பில் உள்ளபடியே திரும்பி, தூணைப் பிடித்துக்கொண்டு நடந்து போனாள்.